புதிய செயலி: விலைக்குத் தகுமா?



சென்ற கோடை விடுமுறையில் என் அக்காள் மகன் ஒரு துண்டுத் தாளுடன் என்னைப் பார்க்க வந்தான். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்தவன். தாளில் நான்கு செயலிகளின் பெயர்களும், அவற்றின் ஜிகாஹெர்ட்ஸ் எண்களும், விலைகளும் கட்டம் போட்டு எழுதப்பட்டிருந்தன. எல்லாவற்றிலும் உயர்ந்த விலைக்குக் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடுகள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெரியவர்கள் கொடுத்த பணத்தை இரண்டு ஆண்டுகளாகச் செலவழிக்காமல் சேர்த்து வைத்திருந்தான். அந்தத் தொகை ஏறத்தாழச் சிவப்புக் கோட்டை எட்டிவிட்டது.

"மாமா, இதை வாங்கிப் போட்டா கேம் இன்னும் வேகமா ஓடுமா?" என்று கேட்டான்.

"ஓடலாம். ஒரு துளிகூட மாறாமலும் போகலாம். உன் கணிப்பொறியில் இப்போது யாருக்காக யார் காத்திருக்கிறார்கள் என்று பார்த்தாயா?" என்று திருப்பிக் கேட்டேன்.

அவன் விழித்தான். அன்று மாலை நாங்கள் பேசியதையும் செய்து பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். விளையாட்டுக்கென்று கணிப்பொறி வைத்திராதவர்களும் இதைப் படிக்கலாம். பென்சிலும் தாளும் இருந்தால் போதும்.

கடிகாரத் துடிப்பு என்பது என்ன?

செயலிக்குள் ஒரு கடிகாரம் இடைவிடாது துடித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் செயலி தன் வேலையில் ஒரு படி முன்னேறுகிறது. 4.5 ஜிகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு நொடிக்கு 450 கோடித் துடிப்புகள். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைப்பட்ட நேரம் சுமார் 0.22 நானோநொடி. இந்த நேரத்தில் வெற்றிடத்தில் ஒளி எவ்வளவு தூரம் செல்லும்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 6.7 சென்டிமீட்டர்தான் வரும். செம்புத் தடத்தில் செல்லும் மின்குறிப்போ அதில் ஏறத்தாழப் பாதித் தூரமே போகும். அதாவது உங்கள் அழிப்பானின் நீளத்தைச் செய்தி கடப்பதற்குள் செயலி அடுத்த படிக்குப் போய்விடுகிறது!

இவ்வளவு விரைவாக வேலை செய்பவருக்கு வேலைக்கு வேண்டிய பொருள்களும் அதே விரைவில் வந்து சேர வேண்டும் அன்றோ? அங்கேதான் சிக்கல். கணக்கிட வேண்டிய எண்கள் எல்லாம் பலகையின் மேல் தனியே செருகப்பட்டிருக்கும் நினைவகத்தில், அதாவது ரேமில், இருக்கின்றன. அங்கே ஒவ்வொரு எண்ணும் மிக நுண்ணிய மின்தேக்கிகளில் மின்னூட்டமாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. உரிய வரிசையைத் திறந்து, அந்தச் சிறு மின்னூட்டத்தை உணர்ந்து, பெருக்கி, பின்னர் அனுப்ப வேண்டும். இந்தப் படிகள் ஒவ்வொன்றுக்கும் 10 முதல் 15 நானோநொடி ஆகும். போகவர எல்லாம் சேர்த்து ஓர் எண்ணைக் கேட்டுப் பெறுவதற்கு 70, 80 நானோநொடிகள் சென்றுவிடும். துடிப்புக் கணக்கில் சொன்னால் முந்நூற்றைம்பது துடிப்புகள். எண் வந்து சேரும்வரை செயலி வேறு வேலை ஏதேனும் இருந்தால் பார்க்கும். இல்லாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

இதனை உங்கள் வீட்டுச் சமையலறையில் வைத்துப் பாருங்கள். ஒரு துடிப்பை ஒரு நொடி என்று நீட்டிக்கொள்வோம். அம்மா தாளிக்கிறார். கடுகு கையிலேயே இருக்கிறது என்றால் 4 நொடி. அடுப்பருகே உள்ள அஞ்சறைப் பெட்டியில் இருந்தால் 12 நொடி. எழுந்து அலமாரியில் தேடி எடுப்பதற்கு 50 நொடி. வீட்டில் இல்லாமல் தெருமுனை மளிகைக் கடைக்கு உங்களை ஓடச் சொன்னால் ஆறு நிமிடம்! கடைக்காரர்தான் ரேம். கையும் பெட்டியும் அலமாரியும் செயலிச் சில்லுக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கும் மூன்று அடுக்குச் சிறு நினைவகங்கள். இவற்றைக் கேஷ் நினைவகம் என்கிறார்கள். (கல்லாப் பெட்டியில் உள்ள கேஷ் வேறு, இது வேறு. ஒலிப்புதான் ஒன்று.) சேமிப்பு வட்டிலிருந்தே எடுத்துவர வேண்டும் என்றால் இதே அளவுகோலில் சில நாட்கள் ஆகிவிடும். விளையாட்டு தொடங்கும்முன் "ஏற்றப்படுகிறது" என்று திரை காட்டிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

இப்போது சொல்லுங்கள். அம்மா கடுகுக்காக ஆறு நிமிடம் காத்து நிற்கும்போது, "கரண்டியை வேகமாகச் சுழற்றுங்கள்" என்று சொல்வதனால் பயன் உண்டா? ஜிகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது அப்படிப்பட்டதே.

மெதுவான செயலி வென்ற கதை

இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு 2022ஆம் ஆண்டில் கிடைத்தது. விளம்பரச் சூடு ஆறிவிட்ட பொருளாதலால் நிதானமாக ஆராயலாம். அமெரிக்க நிறுவனமான ஏ.எம்.டி. 2020 நவம்பரில் ரைசன் 7 5800எக்ஸ் என்னும் செயலியை 449 டாலருக்கு வெளியிட்டது. எட்டுக் கோர்கள், அதிக அளவாக 4.7 ஜிகாஹெர்ட்ஸ், மூன்றாம் அடுக்குக் கேஷ் 32 மெகாபைட். பதினேழு மாதங்கள் கழித்து, 2022 ஏப்ரல் 20 அன்று, அதன் தம்பி 5800எக்ஸ்3டி வந்தது. அதே எட்டுக் கோர்கள். அதே 449 டாலர். ஆனால் வேகம் 4.5 ஜிகாஹெர்ட்ஸ்தான். புதியது பழையதைவிட மெதுவாகத் துடித்தது!

மாறியது ஒன்றே ஒன்று: அலமாரி. மூன்றாம் அடுக்குக் கேஷ் 32 மெகாபைட்டிலிருந்து 96 ஆக மும்மடங்காயிற்று. பக்கவாட்டில் இடமில்லை, இடமிருந்தாலும் தூரம் கூடிவிடும். ஆகவே 64 மெகாபைட் கொண்ட இன்னொரு மெல்லிய சில்லை மாடி கட்டுவதுபோல் மேலே வைத்தார்கள். இரண்டு சில்லுகளின் செம்புப் புள்ளிகளும் நடுவே பற்றாசு ஏதுமின்றி நேராக ஒட்டப்பட்டன. மாடிப்படி ஏறி இறங்குவதற்கான கூடுதல் நேரம் ஏறத்தாழ நான்கு துடிப்புகள் மட்டுமே.

விளைவு? பல விளையாட்டுகளில் இந்த மெதுவான செயலி, அதே நிறுவனத்தின் 549 டாலர் விலையில் வந்த பன்னிரண்டு கோர் 5900எக்ஸ் செயலியை முந்தியது. அதே ஏப்ரல் மாதம் இன்டெல் நிறுவனம் 5.5 ஜிகாஹெர்ட்ஸ் வேகத்தில் 739 டாலருக்கு வெளியிட்ட 12900கேஎஸ் செயலிக்கும் பல விளையாட்டுகளில் ஈடு கொடுத்தது.

ஒரு சிறு கணக்கு போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. அலமாரிவரை தேடி வரும் 100 பொருள்களில் 70 அங்கே கிடைக்கின்றன, 30க்குக் கடைக்கு ஓட வேண்டும் என்று கொள்வோம். சராசரிக் காத்திருப்பு 0.7 × 50 + 0.3 × 350, அதாவது 140 துடிப்புகள். அலமாரி பெரிதாகி 85 பொருள்கள் கிடைத்தால்? 0.85 × 50 + 0.15 × 350. விடை 95. காத்திருப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சம். கடிகாரத்தில் இழந்ததோ சுமார் 4 விழுக்காடு. லாபம் எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதல்லவா?

கடிகாரத்தை ஏன் குறைத்தார்கள் என்று கேட்பீர்கள். வெப்பம்தான் காரணம். கோர்கள் வெளியிடும் வெப்பம் மேலே இருக்கும் குளிர்விப்பானை அடைய வேண்டும். நடுவே இன்னொரு சிலிக்கன் அடுக்கு வந்து குறுக்கே படுத்துக்கொண்டது. சில்லின் மின்திறன் ஏறத்தாழ மின்னழுத்தத்தின் இருமடிக்கும் அதிர்வெண்ணுக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். எனவே மின்னழுத்தத்துக்கு 1.35 வோல்ட் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அதிர்வெண்ணும் தானே தாழ்ந்தது. 2024 நவம்பரில் 479 டாலருக்கு வந்த 9800எக்ஸ்3டி செயலியில் மாடியைத் தரைத்தளமாக்கிவிட்டார்கள்: கேஷ் கீழே, கோர்கள் மேலே. வெப்பத்துக்கு வழி கிடைத்ததும் வேகம் 5.2 ஜிகாஹெர்ட்ஸ்வரை ஏறியது. வெப்பக் கடத்தல் பாடத்தைப் பொறியாளர்கள் மறக்கவில்லை எனலாம்.

ஆனால் பெரிய அலமாரி எல்லோருக்கும் உதவியதா என்றால், இல்லை. வீடியோவைச் சுருக்குதல், முப்பரிமாணப் படம் தீட்டுதல் போன்ற வேலைகளில் 5800எக்ஸ்3டி தன் அண்ணனைவிடச் சற்றுப் பின்தங்கியது. அந்த வேலைகளுக்கு வேண்டிய எண்கள் சீராக வரிசையில் வந்துகொண்டிருக்கும். முன்கூட்டியே கொண்டுவந்து வைத்துவிடலாம். விளையாட்டுகளிலும் வேறுபாடு உண்டு. கவுன்டர்-ஸ்டிரைக் குளோபல் ஒஃபென்சிவ் என்னும் பழைய விளையாட்டில் புதிய கேஷால் குறிப்பிடத்தக்க ஆதாயம் கிடைக்கவில்லை. தொழிற்சாலைகளைக் கட்டிக்கொண்டே போகும் ஃபேக்டோரியோவிலோ லாபம் வியக்கத்தக்கதாக இருந்தது. ஆனால் ஆடுபவர் தொழிற்சாலையை மிகப் பெரிதாக வளர்த்து, அதன் விவரங்கள் 96 மெகாபைட்டுக்குள் அடங்காமல் வழிந்துவிட்டால் அந்த லாபம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பொருள்கள் ஏற்கெனவே அஞ்சறைப் பெட்டியில் அடங்கிவிட்டாலும் பெரிய அலமாரி வீண். அலமாரியிலும் அடங்காவிட்டாலும் வீண். இடைப்பட்ட வீட்டுக்குத்தான் அது வரம்.

கோர்களின் எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. பன்னிரண்டு பேர் எட்டுப் பேரை வெல்ல முடியாமல் போனது எப்படி? ஜீன் அம்தால் என்ற அமெரிக்கக் கணிப்பொறி வல்லுநர் 1967இலேயே இதற்கு விடை கூறிவிட்டார். ஒரு படத்தைத் தயாரிக்க 10 மில்லிநொடி வேலை உள்ளது என்போம். அதில் 6 மில்லிநொடி வேலையை ஒருவரே வரிசையாகச் செய்தாக வேண்டும். மீதி நான்கைப் பங்கிடலாம். எட்டுக் கோர்கள் பங்கிட்டால் மொத்தம் 6.5. பன்னிரண்டு என்றால் 6.33. பதினாறு என்றால் 6.25. கோர்களை இரட்டிப்பாக்கியும் நாம் பெற்றது கால் மில்லிநொடி!

இருவர் செய்யும் வேலை

இதுவரை செயலியைப் பற்றியே பேசினோம். உண்மையில் திரையில் நீங்கள் காணும் ஒவ்வொரு படமும் இருவரின் வேலை. பந்து எங்கே விழுகிறது, எதிரி எந்தப் பக்கம் திரும்புகிறான், எதை எங்கே வரைய வேண்டும் என்று முடிவு செய்வது செயலி. அந்தக் குறிப்பை வாங்கிப் புள்ளி புள்ளியாக வண்ணம் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டு. ஒருவர் அடுத்த படத்துக்குக் குறிப்பு எழுதும்போது மற்றவர் முந்தைய படத்தைத் தீட்டுகிறார். ஆகவே நொடிக்கு எத்தனை படங்கள் என்பதை இருவரில் மெதுவானவரே முடிவு செய்கிறார். செயலிக்கு 9 மில்லிநொடியும் கார்டுக்கு 15 மில்லிநொடியும் ஆனால், 15 மில்லிநொடிக்கு ஒரு படம்தான் வரும், நொடிக்கு 66. விலையுயர்ந்த செயலி வாங்கி 9ஐ 6 ஆக்கினாலும் அதே 66தான். புதிய செயலி கூடுதல் நேரம் சும்மா இருக்கும், அவ்வளவே.

பத்திரிகைகளிலும் காணொளிகளிலும் வரும் சோதனைகளில் மட்டும் புதிய செயலி எப்படி அத்தனை படங்கள் கூடுதலாகக் காட்டுகிறது? அவர்கள் சந்தையில் உள்ள மிக உயர்ந்த கார்டைப் பொருத்தி, திரைப் புள்ளிகளையும் குறைத்து வைத்துச் சோதிக்கிறார்கள். இது ஏமாற்று வேலை அன்று. ஊசல் சோதனையில் வீச்சைச் சிறிதாக வைத்துக்கொள்கிறோமே, அதுபோல அளக்க வேண்டியதைத் தனிமைப்படுத்தி அளக்கிறார்கள். செயலிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டை அளக்க அதுவே சரியான முறை. ஆனால் அந்த எண் அவர்களுடைய மேசைக்கு உரியது. அது உங்கள் மேசைக்கு வந்து சேரும் என்று யாரும் உறுதி கூறவில்லை.

நான் முதுகலை படித்த காலத்தில் இந்தத் தவற்றைச் செய்தவன்தான். கடைக்காரர் சொன்னதைக் கேட்டு மெகாஹெர்ட்ஸ் எண்ணுக்காக இருந்த பணத்தையெல்லாம் செயலியில் போட்டுவிட்டு, ரேமில் கஞ்சத்தனம் செய்தேன். இரண்டு நிரல்களைச் சேர்ந்தாற்போல் திறந்தால் வட்டு கரகரவென்று ஓடும். நான் தேநீர் குடித்துவிட்டு வருவேன்.

செய்து பாருங்கள்

உங்கள் கணிப்பொறியில் மெதுவானவர் யார் என்று அறிய ஒரு காசும் செலவாகாது. விளையாட்டின் அமைப்புகளில் நொடிக்கு எத்தனை படங்கள் என்று காட்டும் வசதியை இயக்குங்கள். திரையின் புதுப்பிப்பு வேகத்தோடு படங்களைக் கட்டிவைக்கும் வி-சிங்க் என்னும் வசதி இருந்தால் அதை நிறுத்துங்கள். எப்போதும் ஆடும் நிலையில் ஓரிடத்தில் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் ரெசல்யூஷனை மட்டும் குறைத்து, அதே இடத்தில் மீண்டும் பாருங்கள். 1920 × 1080 என்பது 20,73,600 புள்ளிகள். 1280 × 720 என்பது 9,21,600. தீட்டுபவரின் வேலை பாதிக்கும் கீழே போய்விட்டது. குறிப்பு எழுதுபவரின் வேலையோ ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. படங்கள் பெருகினால் இதுவரை தாமதப்படுத்தியது கார்டு. பெருகாவிட்டால் செயலி.

அக்காள் மகனின் வீட்டில் இதைச் செய்தோம். அவன் நாள்தோறும் ஆடும் கால்பந்து விளையாட்டில் 54 படங்கள் 97 ஆயின. இந்த இரண்டு எண்களிலிருந்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம். நொடிக்கு 97 என்றால் ஒரு படத்துக்கு 10.3 மில்லிநொடி. அவனது பழைய செயலி அதற்குள் தன் வேலையை முடித்துவிடுகிறது என்பது உறுதி. வழக்கமான ரெசல்யூஷனில் கார்டுக்கு 18.5 மில்லிநொடி ஆகிறது. ஆகவே இரண்டு ஆண்டுச் சேமிப்பைக் கொட்டி வாங்கினாலும் இந்த விளையாட்டில் அந்த 54 அப்படியே நிற்கும். அவன் முகம் வாடிவிட்டது.

ஆனால் அவன் வார இறுதியில் ஆடும் நகரம் கட்டும் விளையாட்டில் 31 படங்கள் 33 ஆயின; அதற்கு மேல் நகரவில்லை. ஆயிரக்கணக்கான குடிமக்கள் எங்கே போகிறார்கள் என்று கணக்கிடும் சுமை முழுவதும் செயலியின் தலையில். இங்கே புதிய செயலி உண்மையாகவே உதவும். "பார்த்தீங்களா மாமா!" என்று துள்ளினான்.

சராசரி எண்ணை நம்பிவிடக் கூடாது என்பதையும் அவனுக்குக் காட்டினேன். 99 படங்கள் 8 மில்லிநொடிக்கு ஒன்றாக வந்து, ஒரே ஒரு படம் 200 மில்லிநொடி எடுத்தால், மொத்தம் 992. சராசரி நொடிக்கு நூறு படங்கள் என்று பெருமையாகச் சொல்லலாம். ஆடுபவரோ நொடிக்கு ஒரு முறை திரை முட்டி நிற்பதைத்தான் உணர்வார். அதனால் நல்ல சோதனையாளர்கள் மிக மெதுவான ஒரு விழுக்காட்டுப் படங்களின் கணக்கைத் தனியே தருகிறார்கள். பெரிய கேஷின் பயன் பல விளையாட்டுகளில் சராசரியைவிட இந்த இடத்தில் தெளிவாகத் தெரிகிறது.

திரையையும் பார்க்க வேண்டும். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் மானிட்டரில் 150 படங்கள் தயாரானாலும் 60 முழுப் படங்களுக்கு மேல் காட்ட வழியில்லை. மேலும், 30 படங்களை 60 ஆக்கினால் ஒவ்வொரு படத்திலும் 16.7 மில்லிநொடி மிச்சம். 60ஐ 120 ஆக்கினால் 8.3. 120ஐ 240 ஆக்கினால் 4.2. பெருக்கம் ஒன்றே, பயன் பாதி பாதியாகக் குறைகிறது. விலை அப்படிக் குறைவதில்லை!

விலைக் கணக்கு

2022 ஏப்ரலில் 5800எக்ஸ்3டி வந்தபோது அதே மாதம் ஆறு கோர்கள் கொண்ட ரைசன் 5 5600 என்ற எளிய செயலியும் 199 டாலருக்கு வந்தது. இரண்டும் ஒரே பலகையில் பொருந்துபவை. எனவே வாங்குபவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "449 டாலர் தகுமா?" என்பதன்று; "இந்த 250 டாலர் வேறுபாடு என் கணிப்பொறியில் எங்கே போய் வேலை செய்யும்?" என்பதே. நடுத்தரக் கார்டு வைத்திருந்தவருக்கு அந்த 250 டாலர் கார்டில் போவதே நல்லது. உயர்ந்த கார்டும் விரைவான மானிட்டரும் வைத்திருந்தவருக்கு 449 டாலர் மலிவு. ஒரே பொருள், ஒரே நாள், ஒரே விலை. இருவருக்கும் விடை வேறு.

பலகையும் கணக்கில் சேரும். ஏ.எம்.டி.யின் பழைய ஏஎம்4 பொருத்துவாயில் இந்தச் செயலி பொருந்தியதால், 2017இல் பலகை வாங்கியவர்களில் பலரும் பயாஸ் என்னும் தொடக்க நிரலைப் புதுப்பித்துவிட்டு இதைச் செருகிக்கொள்ள முடிந்தது. 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5 பொருத்துவாய்க்கு மாறுவதானால் பலகையும் புதிது, டிடிஆர்5 ரேமும் புதிது. செயலிக்கு எழுதிய விலை அங்கே முழு விலை ஆகாது. அவனுடைய தாளில் இந்த வரி இல்லவே இல்லை; சிவப்புக் கோடு போட்டிருந்த செயலி அவன் பலகையில் பொருந்தாது என்பதை அப்போதுதான் கண்டோம்.

இன்னொன்றும் கண்டோம். ரேம் செருகும் இடம் நான்கு இருந்தும் ஒரே ஒரு ரேம் அட்டைதான் இருந்தது. மளிகைக் கடைக்கு இரண்டு வழிகள் போட்டுவைத்து, ஒன்றை மூடி வைத்ததுபோல. உரிய இடங்களில் இரண்டு அட்டைகள் இருந்தால் செய்திகள் இரு தடங்களில் சேர்ந்து வரும். அதே வகையில் இன்னோர் அட்டை வாங்கினான். செயலியின் விலையில் அது சிறு பங்குதான். நகரம் கட்டும் விளையாட்டில் 31 படங்கள் 36 ஆயின. கால்பந்தில் எதிர்பார்த்தபடியே ஒன்றும் மாறவில்லை.

மீதிப் பணம் அவனிடமே இருக்கிறது. இப்போது கிராபிக்ஸ் கார்டுகளுக்கு ஒரு புதுத் தாளில் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறான். அதில் தன் மின்வழங்கி எத்தனை வாட் தாங்கும் என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்கும்படி சொல்லியிருக்கிறேன்.